மருந்துக்கு முன்னே வடிகால்

ஆத்தூரிலிருந்து புன்னைக்காயலுக்குச் செல்லும் வழியில் ஒரு முறை நடந்து சென்றவர்களுக்கு ஓர் உண்மை தானாகவே விளங்கும். முதலில் வெற்றிலைக் கொடிக்கால்கள், அடுத்து வாழையும் நெல்லும், அப்பால் உப்பளங்கள், முடிவில் மீனவர் படகுகளும் தாமிரபரணியின் முகத்துவாரமும். மேலே யார் எதை ஆற்றில் விட்டாலும், அது கடைசியில் புன்னைக்காயலுக்கு வந்தே தீரும். மேட்டில் உள்ளவன் கழித்த நீர் பள்ளத்தில் உள்ளவன் வாசலில் நிற்கும் என்பதை அவ்வூர் மக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. அவ்வுண்மையைக் கொடிக்கால் வைத்திருக்கும் நம் அங்கத்தினர்கள் தங்கள் பாத்திகளிலும் பொருத்திப் பார்க்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் பெய்த பெருமழையை இவ்வட்டாரத்தார் எளிதில் மறக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேலாக மழை பதிவாயிற்று. ஆறும் குளமும் ஒன்றாயின. புன்னைக்காயல் வெள்ளத்தால் துண்டிக்கப்பட்டது. ஆற்றங்கரையின் கொடிக்கால்களும் வாழைத் தோட்டங்களும் நீரில் மூழ்கின. ஆத்தூர் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததும் அதே 2023-ஆம் ஆண்டில்தான். பெயரைப் பெற்ற ஆண்டிலேயே பயிரை இழக்க நேர்ந்தது எத்துணை வருந்தத்தக்கது!

வெள்ளம் வடிந்தபின் உழவன் சும்மா இருப்பதில்லை. அகத்தி விதைத்தான், அது வளர்ந்து நிழல் தந்ததும் புதுக் கொடி நட்டான், அதற்காகக் கடன் வாங்கினான். கொடிக்கால் என்பது ஒரு பருவத்துப் பயிரன்று. ஒழுங்காக வளர்ந்தால் ஆண்டுக்கணக்கில் வெற்றிலை தரும். வளராவிட்டால் முதற் குளிர்காலத்திலேயே முதலையும் வட்டியையும் சேர்த்து விழுங்கிவிடும். புதிதாக நட்ட கொடிக்கால்களில் வேரழுகலும் வாடலும் தோன்றுகின்றன என்ற முறையீட்டைச் சங்கத்தின் பொதுக் கூட்டத்தில் கேட்கும்போது, அதைப் பயிர் நோய் பற்றிய செய்தியாக மட்டும் நாம் கருத இயலாது. கடன் திரும்புமா, குடும்பம் நிமிருமா என்ற கேள்வியும் அதனுள் அடங்கியிருக்கிறது.

சென்ற ஐப்பசியில் கணக்குப் பார்வைக்காகச் சென்றிருந்தபோது, முதியவர் ஒருவர் நம்மைத் தம் கொடிக்காலுக்கு அழைத்துச் சென்றார். நட்டுச் சில மாதங்களே ஆன கொடிகள். வரிசையின் ஒரு கோடியில் பத்துப் பதினைந்து கொடிகள் ஒளியிழந்து, இலை மஞ்சளித்துத் தொங்கின.

“நண்பகலில் வாடுது தம்பி. தாகம்தானே என்று காலையிலும் மாலையிலும் தண்ணீர் கட்டினேன். கட்டக் கட்ட அதிகமாக வாடுது. சங்கத்தில் நல்ல மருந்தாக ஒன்று வாங்கித் தரச் சொல்லு” என்றார்.

“கொடியை எங்கே வாங்கினீர்கள், அண்ணாச்சி?” என்று கேட்டோம்.

“விலை சல்லிசாகக் கிடைத்தது. வெள்ளத்துக்குத் தப்பின ஒரு தோட்டத்துக் கொடிதான்” என்றார்.

ஒரு கொடியின் அடியில் மண்ணை விலக்கிப் பார்த்தோம். தரையோடு ஒட்டிய தண்டு கறுத்து, கையால் தொட்டவுடன் தோல் கழன்று நார் மட்டும் நின்றது. அழுகல் நாற்றம் வீசியது. வரிசையின் அக்கோடிதான் தோட்டத்தின் தாழ்ந்த பகுதி. மேலண்டைத் தோட்டத்து நீர் வந்து தேங்கும் இடமும் அதுவே. கல்லூரியில் தாவர நூல் பயின்ற நாளில் ‘ஃபைட்டோப்தோரா’ என்ற பெயரைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தோம். அந்த நாற்றத்தை முகர்ந்த பிறகே அப்பெயரின் பொருள் நமக்கு விளங்கிற்று.

‘செடியை அழிப்பது’ என்பதே அக்கிரேக்கச் சொல்லின் பொருள். இதனை நாம் பூசண நோய் என்று வழங்கினாலும், இக்கால அறிஞர் இதனை உண்மைப் பூசணத்தினின்று பிரித்து, நீர்ப் பூசண இனத்தில் சேர்க்கின்றனர். இப்பெயர் உழவருக்கு மிகவும் பயன்படும் பெயராகும். ஏனெனில் இந்நோயின் வித்துக்களுக்கு நுண்ணிய இரு இழைகள் உண்டு; அவற்றைத் துடுப்பாகக் கொண்டு அவை நீரில் நீந்துகின்றன! மண்ணில் நீர் தேங்கி நின்றால் ஒரு வேரிலிருந்து அடுத்த வேருக்கு நீந்திச் சேரும். ஓடும் நீர் கிடைத்தால் ஒரு தோட்டத்திலிருந்து அடுத்த தோட்டத்துக்கு மிதந்து செல்லும். நீர் தேங்காத மண்ணில் அவை முடங்கிக் கிடக்கும். இந்நோய் எல்லா வயதுக் கொடிகளையும் தாக்கும். எனினும் ஐப்பசி முதல் மாசி வரையுள்ள குளிர்ந்த, ஈரமான மாதங்களிலேயே மிகுதியாகத் தோன்றும்.

நீந்தும் பகைவனுக்குக் காலையும் மாலையும் நீர் கட்டுவது எத்தகையது? அவனுக்குத் தோணி கட்டித் தருவது போன்றதே. முதியவரை நாம் குறை கூறவில்லை. வேர் அழுகிய கொடியால் நீரை உறிஞ்ச இயலாது. ஆகவே ஈர மண்ணில் நின்றுகொண்டே அது வாடுகிறது. காண்பவர் கண்ணுக்கு அது தாகம் போலவே தோன்றும். நோயின் அறிகுறியும் தாகத்தின் அறிகுறியும் ஒன்று போல இருப்பதால் நல்ல உழவனும் இங்கே ஏமாறுகிறான். கொடி வாடினால் முதலில் மண்ணைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். மண் ஈரமாயிருக்கக் கொடி வாடுமாயின் அது தாகமன்று.

இது வெற்றிலைக்கு மட்டும் உரிய கதையன்று. நகரத்தில் ஓர் அலுவலகத்தின் முன் புதிதாகப் புல்தரை அமைத்தார்கள். களிமண் தரை, வடிகால் இல்லை. புல் விரைவில் பச்சை பிடிக்க வேண்டும் என்று உரத்தை வாரி இறைத்து, அந்தியில் தினமும் நீர் தெளித்தார்கள். இரவு முழுதும் ஈரம் நின்றது. சில வாரங்களில் வட்ட வட்டமாகப் புல் பழுத்து அழுகிற்று. மருந்து வாங்கித் தெளித்தார்கள். நீர் தெளிப்பதை மட்டும் நிறுத்தவில்லை. புல் மறுபடியும் அழுகிற்று. நாற்றங்காலில் இளநாற்று மடிவதும் இதே வகையில்தான். இளம் பயிர், நெருங்கிய நடவு, மிகுந்த உரம், வடியாத நீர் ஆகிய நான்கும் கூடினால் பூசணம் அழையாமலே வரும். அலுவலகத்துக்குப் புல் போனால் அழகு போயிற்று, அவ்வளவே. நம் அங்கத்தினருக்குக் கொடி போனால் வாழ்வு போகிறது.

வரலாற்றையும் சிறிது நோக்குவோம். 1845-ஆம் ஆண்டில் அயர்லாந்து நாட்டின் உருளைக்கிழங்கைத் தாக்கியது இதே இனத்தைச் சேர்ந்த ஒரு நோயே. அதைத் தொடர்ந்த பஞ்சத்தில் ஏறத்தாழ 10 லட்சம் மக்கள் மாண்டனர். நோயுற்ற கிழங்கையே அடுத்த ஆண்டுக்கு விதையாக நட்டதும் அத்துயரம் நீண்டதற்குக் காரணமாயிற்று. நம் நாட்டிலும், வெற்றிலை உட்படப் பல பயிர்களைத் தாக்கும் ‘ஃபைட்டோப்தோரா பாரசிட்டிகா’ என்னும் வகையை 1913-ஆம் ஆண்டிலேயே தஸ்தூர் என்னும் இந்திய அறிஞர் ஆமணக்குச் செடியில் கண்டு விவரித்தார். ஆக, நம் அறிவு நூறாண்டுக்கு மேற்பட்டது. அந்த அறிவு பாத்திக்கு வந்து சேராததே குறை.

இனி, செய்ய வேண்டியவை யாவை? நம் கருத்தில் அவற்றுக்கு ஒரு வரிசை உண்டு. வரிசை மாறினால் பணம் வீணாகும்.

முதலாவது, விதைக்கொடி. நோயில்லாத தோட்டத்திலிருந்தே கொடி எடுக்க வேண்டும். சல்லிசாகக் கிடைக்கும் கொடி பலமுறை நோயையும் இலவசமாகக் கொண்டு வரும். நடுமுன் கொடித் துண்டுகளை 0.05 விழுக்காடு போர்டோ கலவையில் அரை மணி நேரம் ஊறவைத்து நடுதல் நன்று. 100 லிட்டர் நீருக்கு மயில்துத்தம் 50 கிராம், சுட்ட சுண்ணாம்பு 50 கிராம் என்பது அதன் அளவு.

இரண்டாவது, வடிகால். பாத்தியை உயர்த்தி, இடைக்கால்களில் நீர் தேங்காமல் தோட்டத்தின் தாழ்ந்த கோடிக்கு வெளிச்செல்லும் வழி அமைக்க வேண்டும். மழைக்காலத்தில் மண்ணைப் பார்த்தே நீர் கட்ட வேண்டும். கட்டுவதையும் காலையில், அளவாகக் கட்ட வேண்டும். “வெற்றிலை நீர் விரும்பும் பயிராயிற்றே” என்று சிலர் கேட்கலாம். உண்மை. அது ஈரத்தை விரும்பும், தேக்கத்தை விரும்பாது.

மூன்றாவது, உரம். தழைச்சத்தை யூரியாவாக ஒரே முறையில் கொட்டாமல், ஒரு பாதியை வேப்பம்பிண்ணாக்காகப் பிரித்துப் பிரித்து இடுதல் வேண்டும். நிழலில் உலர்த்திய வேப்பிலையையோ எருக்கிலையையோ பாத்தியில் பரப்பி மண்ணால் மூடுதலும் வாடலைக் குறைக்கும் என வேளாண் துறையினர் பரிந்துரைக்கின்றனர். தொழு உரத்தில் கலந்து இடும் ‘டிரைக்கோடெர்மா விரிடி’ என்னும் நன்மை செய்யும் பூசணமும் இன்று கிடைக்கிறது. அதனையும் செம்பு மருந்தையும் ஒரே சமயத்தில் இடலாகாது; மருந்து அந்த நற்பூசணத்தையும் கொன்றுவிடும்.

நான்காவதாகத்தான் மருந்து. ஐப்பசி முதல் தை வரை மாதம் ஒரு முறை 0.25 விழுக்காடு போர்டோ கலவையைக் கொடியின் அடியில் மண் நனைய ஊற்ற வேண்டும். 100 லிட்டர் நீருக்கு மயில்துத்தம் 250 கிராம், சுட்ட சுண்ணாம்பு 250 கிராம். இரண்டையும் தனித்தனியே கரைத்து, துத்த நீரைச் சுண்ணாம்பு நீரில் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்க வேண்டும். மண், மரம் அல்லது பிளாஸ்டிக் பாத்திரமே ஏற்றது. இரும்பும் பித்தளையும் ஆகா. கலந்த நீரில் துலக்கிய இரும்புக் கத்தியைச் சிறிது நேரம் அமிழ்த்தி எடுத்தால், கத்தியில் செந்நிறம் படியலாகாது. படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்பது பொருள். மேலும் சேர்க்க வேண்டும். அன்று கலந்ததை அன்றே பயன்படுத்திவிட வேண்டும். 1885-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டுப் பேராசிரியர் மில்லார்தே திராட்சைத் தோட்டங்களுக்கென வெளியிட்ட இக்கலவை இன்றும் மலிவானது. நம் கையாலேயே செய்யக் கூடியது.

ஒரு செய்தியை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். வெற்றிலை சமைத்து உண்ணும் பொருளன்று. பச்சையாக மெல்லும் பொருள். ஆகவே இலைமேல் தெளிக்க நேர்ந்தால் முதிர்ந்த இலையைக் கிள்ளிய பிறகே தெளிக்க வேண்டும். கடையில் யாரோ சொன்னார் என்று கண்ட மருந்தையும் தெளித்து மறுநாள் இலை கிள்ளி அனுப்புவது, வாங்குபவருக்குச் செய்யும் தீங்கு. பெற்ற புவிசார் குறியீட்டுக்கும் இழுக்கு. கலியாணப் பந்தலில் தாம்பூலமாக வைக்கும் இலை அது என்பதை மறக்கலாகாது.

நோய் கண்ட கொடியை வேரோடும் அடிமண்ணோடும் எடுத்து எரித்துவிட வேண்டும். வாய்க்காலில் எறிவது பெரும் பிழை. மேல் தோட்டத்தான் எறிந்த கொடி, கீழ்த் தோட்டத்தானுக்கு அனுப்பிய நோய் ஆகும்.

இங்கேதான் நம் கூட்டுறவுக்கு வேலை பிறக்கிறது. மேலே சொன்னவற்றுள் உரமும் மருந்தும் தனி ஒருவர் செய்யக் கூடியவை. விதைக்கொடியும் வடிகாலும் அவ்வாறல்ல. நாம் தோட்டத்தில் கால் வெட்டினாலும், அந்நீர் வெளியேற அடுத்தவர் தோட்டத்தில் வழி வேண்டும். கொடிக்கால்களில் பல குத்தகை நிலங்கள். “அடுத்த ஆண்டு நிலம் யார் கையிலோ, நான் ஏன் கால் வெட்ட வேண்டும்?” என்கிறான் குத்தகைதாரன். “பயிர் அவனுடையது, நான் ஏன் செலவிட வேண்டும்?” என்கிறார் நிலக்காரர். இருவருக்கும் இடையில் நீர் தேங்குகிறது. நீரில் நோய் நீந்துகிறது.

நம்மவர் மீதுள்ள குறையையும் மறைக்காமல் சொல்வோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சங்கத்தில் (அதன் பெயர் இங்கு வேண்டா) கொடிக்கால் கடன்களை நாம் பரிசீலித்தோம். மருந்து வாங்கிய ரசீதுகள் ஒழுங்காக இருந்தன. கையொப்பமும் முத்திரையும் இருந்தன. குறையொன்றும் இல்லை என்று எழுதி முடித்தோம். அக்கடன்களில் பல பின்னர்த் தவணை தவறின. தோட்டங்களைச் சென்று பார்த்தபோதுதான், எங்கும் மருந்துப் புட்டிகள் கிடந்ததையும் எங்கும் வடிகால் இல்லாததையும் கண்டோம். மருந்துக்கு ரசீது உண்டு. ஆகவே கடன் உண்டு. மண்வெட்டியால் வெட்டிய காலுக்கு ரசீது இல்லை. ஆகவே கடனும் இல்லை. நாம் ஏட்டைப் பார்த்தோம், பாத்தியைப் பார்க்கவில்லை. அங்கத்தினர் தவணை தவறியதற்கு நாமும் ஒரு வகையில் பொறுப்பாளிகளே.

ஆகவே சங்கங்களின் முன் மூன்று யோசனைகளை வைக்கிறோம். கொடிக்கால் மிகுந்த ஊர்களில் சங்கத்தின் மேற்பார்வையில் ஒரு விதைக்கொடித் தோட்டம் வேண்டும். நோயற்றதெனப் பார்த்து உறுதி செய்த கொடியை அங்கத்தினர்க்கு நியாய விலையில் தர வேண்டும். இஃது முதலாவது. புதிய நடவுக்குக் கடன் வழங்குமுன் நிலத்தைப் பார்வையிட்டு, வடிகாலுக்கென ஒரு பகுதியை ஒதுக்கி, கால் வெட்டிய பின் அடுத்த தவணையை வழங்க வேண்டும். இஃது இரண்டாவது. புரட்டாசி முடியுமுன் ஒரு நாளைக் குறித்து, ஒரே வாய்க்காலில் நீர் விடும் தோட்டக்காரர் அனைவரும், நிலக்காரரும் குத்தகைதாரரும் சேர்ந்து, பொது வடிகாலைத் தூர்வார வேண்டும். அன்றே போர்டோ கலவை செய்யும் முறையையும் ஒரே தொட்டியில் செய்து காட்ட வேண்டும். இஃது மூன்றாவது.

“கடன் வாங்கினால் சங்கம் நம் பாத்திக்குள் வந்து அதிகாரம் செய்வதா?” என்று சிலர் சினக்கலாம். அவர்களுக்கு இக்கடற்கரையின் முத்துக்குளிப்பையே சான்றாகக் காட்டுவோம். முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், விரும்பியவன் விரும்பிய நாளில் மூழ்கி எடுத்துவிட முடியாது. முதலில் பார்களைச் சோதிப்பார்கள், சிப்பி முதிர்ந்திருந்தால்தான் குளிப்புக்கு நாள் குறிப்பார்கள், இளஞ்சிப்பியாயின் விட்டுவிடுவார்கள். கடலடியில் கிடக்கும் சிப்பிக்கே அத்துணைச் சோதனை இருந்ததென்றால், பலர் முதலும் பலர் நீரும் கலந்திருக்கும் கொடிக்காலுக்குச் சோதனை வேண்டாவா? அத்தனைக் கட்டுப்பாடும் இருந்தும் 1961-ஆம் ஆண்டுக்குப் பின் பெரிய முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. பொதுச் செல்வம் ஒரு முறை கெட்டால் மீண்டும் வருவது எளிதன்று என்பதற்கு இது போதும்.

“செலவுக்கு எங்கே போவது?” என்பது மற்றொரு கேள்வி. இது நியாயமானதே, ஏனெனில் கூலி உயர்ந்துவிட்டது. ஆயினும் நோய் வந்தபின் மருந்துக்கும் மறுநடவுக்கும் ஆகும் செலவோடு கால் வெட்டும் செலவை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். நட்டமடைந்தவர்கள் கணக்கைச் சங்கமே வைத்திருக்கிறது. அதைப் பொதுக் கூட்டத்தில் பெயர் சொல்லாமல் படித்துக் காட்டினால் எந்தச் சொற்பொழிவும் தேவைப்படாது.

இம்மாத இதழைப் படிக்கும் நெசவாள அங்கத்தினர்கள், “இது உழவர் சங்கதி” என்று ஏட்டைப் புரட்டிவிட வேண்டா. கஞ்சி போட்ட பாவு நன்றாக உலராமல் சுருட்டி வைத்தால், அடைமழை நாளில் பூசணம் பிடித்து இழை பொறியும் துன்பத்தை அவர்கள் அறிவார்கள். அங்கும் பகைவன் ஈரமே. அங்கும் பிறகு செய்யும் பரிகாரத்தைவிட முன்னே உலர்த்துவதே வழி. ஒழுகும் கூரையின் கீழ் பாவை வைத்துக்கொண்டு நூலைப் பழிப்பதும், தேங்கும் நீரில் கொடியை வைத்துக்கொண்டு மருந்தைப் பழிப்பதும் ஒன்றே.

அந்த முதியவரின் தோட்டத்துக்கு மாசியில் மீண்டும் சென்றோம். அழுகிய கொடிகளை எடுத்து எரித்திருந்தார். தாழ்ந்த கோடியில் புதிதாக ஒரு கால் வெட்டியிருந்தார். அண்டைத் தோட்டக்காரரும் தம் எல்லையில் வழி விட்டிருந்தார். வரிசையின் அப்பகுதி வெறுமையாகவே இருந்தது. இழந்த கொடி திரும்பவில்லை. எஞ்சியவை அகத்தியைப் பற்றி ஏறிக்கொண்டிருந்தன.

“மருந்து வாங்கித் தரச் சொன்னேன், நீ மண்வெட்டி எடுக்கச் சொன்னாய்” என்று சிரித்தார்.

“அண்டைக்காரர் எப்படி இசைந்தார், அண்ணாச்சி?” என்று கேட்டோம்.

“அவர் கொடியும் வாட ஆரம்பிச்சிட்டுல்லா, தம்பி” என்றார்.

அண்டைக்காரர் கொடியும் வாடும்வரை காத்திராமல் முன்னரே இசைவதற்காகத்தானே சங்கம் அமைத்தோம்? இவ்வாண்டு புரட்டாசிக்குள் ஒவ்வொரு வாய்க்காலிலும் அந்த இசைவு உண்டாகட்டும். அங்கத்தினர்கள் தங்கள் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இதனை முதற் பொருளாக எழுப்புமாறு வேண்டுகிறோம்.